80இல் ச, 100இல் க



இந்தப் பக்கம் வந்து கனநாளாகிவிட்டது. பரீட்சை, பகுதிநேர வேலை, பிறகு மீண்டும் பரீட்சை என்று நாட்கள் ஓடிவிட்டன. போன முறை பணவீக்கம் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, "நித்திரை வரேல்லையெண்டால் உன்ரை பதிவைத்தான் திறக்கிறனான்" என்று ஒரு நண்பன் சொன்னான். ஆகவே இந்த முறை வணிகம் கிடையாது. (கடைசியில் கொஞ்சம் வரும், பொறுத்தருள்க.) இந்த முறை ஒரு சத்தத்தைப் பற்றி எழுதப் போகிறேன்.

போன வருடம் ஏப்ரலில் ஒரு கார் வாங்கினேன். 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. வட அமெரிக்காவில் மியாட்டா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இரண்டே இரண்டு இருக்கை, துணிக் கூரை, 1,600 சிசி எஞ்சின், மூடித் திறக்கும் முன்விளக்குகள். 1989 பெப்ரவரியில் சிக்காகோ கார்க் கண்காட்சியில் இந்த மொடலை முதன்முதலில் காட்டினார்கள். என்னுடையது எனக்கு மூத்தது. பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களைப் பார்த்து ஜப்பான்காரர் செய்த கார். எஞ்சின் முன்னால், இழுவை பின்னால். விலை 5,400 டொலர். இரண்டு கோடை விடுமுறைகள் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிச் சேர்த்த காசு.

அப்பா காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "ரெண்டு பேர் இருக்கிற காரை நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏன்ரா வாங்கினனி?" என்று கேட்டார். பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

ஒன்ராறியோவில் பழைய கார் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு நடைமுறை தெரியும். விற்பவர் அரசாங்கத்திடமிருந்து பழைய வாகனத் தகவல் பொதி ஒன்றை எடுத்துத் தரவேண்டும். வீதியில் ஓடத் தகுதியானது என்று பதிவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். பிரேக், ரயர், ஸ்டியரிங், லைட் எல்லாம் பார்த்துத்தான் அந்தச் சான்றிதழ் கொடுப்பார்கள். நானும் அதைக் கையில் வாங்கியதும் கார் முழுவதற்கும் யாரோ உத்தரவாதம் தந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது அன்றைய நாளில் குறைந்தபட்சப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்கிற தாள், அவ்வளவுதான். கார் என்ன பாடுகிறது என்று அதில் எழுத இடமில்லை.

விற்ற மனிதர் நல்லவராகத்தான் தெரிந்தார். ஒயில் எல்லாம் புதிதாக மாற்றினேன், பின்பக்க டிஃபரன்ஷியல் ஒயில் உட்பட, என்று பெருமையாகச் சொன்னார். எவ்வளவு அக்கறையான ஆள் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

ஜூன் கடைசியில் சத்தம் தொடங்கியது.

மணிக்கு 70 கிலோமீற்றரைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு மெல்லிய "ஊஊஊ". காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்தால் நின்றுவிடும். மிதித்தால் திரும்ப வரும். முதல் வாரம் ரேடியோவைக் கூட்டி வைத்துச் சமாளித்தேன். (கார்ப் பிரச்சினைக்கு மாணவர்கள் செய்யும் முதல் திருத்தம் இதுதான்.) இரண்டாவது வாரம் அதோடு ஒரு கரகரப்பும் சேர்ந்தது. ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, டிஃபரன்ஷியல் போய்விட்டது, முழுதாக மாற்ற 2,350 டொலர் என்றார். அதாவது கார் விலையில் 43.5 வீதம். கணக்கியல் படிக்கிறவனுக்கு அந்த வீதம் உடனே மனதில் ஓடும், அதுதான் சாபம்.

டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. (எனக்கும் ஜூனுக்கு முன் தெரியாது.) கார் ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உள்பக்கச் சில்லைவிடக் கூடத் தூரம் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிப் பூட்டினால் ஏதாவது ஒரு ரயர் வீதியில் தேயும். ஆகவே எஞ்சின் பலத்தை இரண்டு சில்லுக்கும் கொடுக்கவும் வேண்டும், ஒன்று கூடவும் மற்றது குறையவும் சுற்ற விடவும் வேண்டும். இதற்கு நடுவில் சிறிய பற்சக்கரங்களை வைத்த பெட்டிதான் டிஃபரன்ஷியல். ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1820களின் இறுதியிலேயே நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார்.

அதே பெட்டிக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. எஞ்சினிலிருந்து நீளமாக வரும் தண்டின் சுழற்சியை 90 பாகை திருப்பிச் சில்லுகளுக்குக் கொடுக்கவேண்டும். தண்டின் நுனியில் பினியன் என்ற சின்னப் பற்சக்கரம். அது கிரவுண் வீல் என்ற பெரிய வளையத்தைச் சுற்றும். என் காரில் பினியனுக்கு 10 பல், கிரவுண் வீலுக்கு 43 பல். ஆகவே தண்டு 4.3 தரம் சுற்றினால் சில்லு ஒரு தரம் சுற்றும். பினியன், கிரவுண் வீலின் நடுவுக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே பொருந்தியிருக்கும். அதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வது மட்டுமில்லை, நல்ல அழுத்தத்தோடு வழுக்கியும் போகும். சாதாரண எஞ்சின் ஒயில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஜிஎல்-5 என்ற தரத்து ஒயில் வேண்டும். அதில் கந்தகமும் பொஸ்பரசும் கலந்த இரசாயனங்கள் இருக்கும். அவைதான் பற்களின் மேல் ஒரு படையாகப் படிந்து காப்பாற்றுகின்றன.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது மாமா. அம்மாவின் தமையன். ஊரில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கோண்டாவில் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். எண்பதுகளின் நடுவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டவர். இங்கே வாகனம் திருத்துவது சான்றிதழ் இல்லாமல் செய்ய முடியாத தொழில். பரீட்சை ஆங்கிலத்தில். மாமா ஒரு பேக்கரியில் இரவு வேலைக்குப் போனார், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அவர் மெக்கானிக் என்பது எங்கள் வீட்டில் ஒரு பழைய செய்தி. யாரும் அவரிடம் எதையும் திருத்தக் கொடுத்ததில்லை. நானும் அவரிடம் போனது நம்பிக்கையால் இல்லை, 2,350 டொலர் இல்லாததால்.

"கராஜ்காரன் என்ன செய்து பார்த்தவன்?" என்றார் மாமா.

"ஓடிப் பார்த்தவர்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிசம்."

மாமா சப்பாத்தைப் போட்டார்.

காரில் அவருக்குக் கால் நீட்ட இடம் போதாது. முழங்கால் இரண்டும் மேலே நிற்க, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கூரையை மூடச் சொன்னார். ரேடியோவை நிறுத்தச் சொன்னார். அதன்பின் முக்கால் மணித்தியாலம் எனக்குக் கட்டளைகள் மட்டும்.

முதலில், ஒரே வேகத்தில் கியரை மட்டும் மாற்றச் சொன்னார். 80இல் நாலாம் கியர், அதே 80இல் ஐந்தாம் கியர். எஞ்சினின் குரல் இறங்கியது, பின்னாலிருந்து வந்த ஊளை மாறவில்லை. "அப்ப எஞ்சின் இல்லை. கியர்பொக்ஸுக்குப் பின்னாலைதான் எங்கையோ."

அடுத்தது வீதி. புதிதாகத் தார் போட்ட இடத்திலிருந்து பழைய கொங்கிறீற் வீதிக்கு மாறினோம். ரயர்ச் சத்தம் என்றால் வீதி மாற அதுவும் மாறும். மாறவில்லை.

பிறகு ஒரு நீளமான வளைவு, இடப்பக்கம் ஒருதரம், வலப்பக்கம் ஒருதரம். வளையும்போது காரின் பாரம் வெளிப்பக்கச் சில்லில் விழும். அந்தச் சில்லின் பெயரிங் தேய்ந்திருந்தால் சத்தம் கூடும், மறுபக்கம் திரும்பக் குறையும். இதிலும் மாற்றமில்லை. நேரே போகும்போது ஒன்றுமில்லாமல் வளைவில் மட்டும் உறுமினால் உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களைச் சந்தேகப்படலாம் என்றார். எனக்கு அதுவும் இல்லை.

கடைசியாகக் கால். "மிதி. இப்ப அப்பிடியே வேகம் கூடாமல் குறையாமல் பிடி. இப்ப காலை எடு. இப்ப நியூட்ரலிலை உருள விடு." மிதிக்கும்போது மட்டும் ஊளை. காலை எடுத்தால் இல்லை. பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகம். எஞ்சின் சில்லைத் தள்ளும்போது ஒரு முகம் வேலை செய்யும், காலை எடுத்ததும் சில்லு எஞ்சினைத் தள்ள மற்ற முகம் வேலை செய்யும். தள்ளும் முகம் தேய்ந்தால் மிதிக்கும்போது பாடும். மிதித்தாலும் விட்டாலும் உருண்டாலும் ஒரே மாதிரிச் சத்தமென்றால் பெயரிங்கைத்தான் முதலில் நினைக்கவேண்டும். பெயரிங் உறுமும், பல் பாடும். இது மாமாவின் சூத்திரம்.

இந்த இடத்தில் என் தங்கை கதைக்குள் வருகிறாள். அவள் வயலின் படிக்கிறாள். சுருதி பார்க்க அவளுடைய தொலைபேசியில் ஒரு செயலி உண்டு. மாமாவை இறக்கிவிட்டு அவளை ஏற்றினேன். (இரண்டு இருக்கையின் சிரமம் பாருங்கள்.) வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்து 80இல் நிறுத்திப் பிடித்தேன். அவள் செயலியைப் பார்த்துவிட்டு, "சி காட்டுது. ஒரு கட்டைக்கு மேல் ஷட்ஜம்" என்றாள்.

அன்றிரவு அதைக் கணக்கில் போட்டேன். என் ரயர் 185/60 14 அங்குலம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.815 மீற்றர். மணிக்கு 80 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 22.2 மீற்றர். அதாவது சில்லு செக்கனுக்கு 12.25 தரம் சுற்றுகிறது. கிரவுண் வீலுக்கு 43 பல். 12.25ஐ 43ஆல் பெருக்கினால் 527. செக்கனுக்கு 527 தரம் ஒரு பல் இன்னொரு பல்லைத் தொடுகிறது. மேல் ஷட்ஜம், அதாவது அந்த சி, 523 ஹேர்ட்ஸ்.

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். ஒரு மாதமாக என்னைப் பயமுறுத்திய சத்தம் ஒரு பெருக்கல் கணக்காக விரிதாளில் உட்கார்ந்திருந்தது. அடுத்த நாள் 90இலும் 100இலும் பார்த்தோம். 90இல் ரிஷபம், 100இல் அந்தர காந்தாரம். 80, 90, 100 என்பது 8, 9, 10 என்ற விகிதம். ச, ரி, க மூன்றுக்கும் உள்ள விகிதமும் அதுதான். "என்ன ராகம்?" என்று கேட்டேன். "மூண்டு சுரத்தை வச்சு ஒண்டும் சொல்லேலாது, 120இலை போனால் பஞ்சமம் வரும்" என்றாள். நெடுஞ்சாலையில் 120இல் போக அனுமதியில்லை என்பதால் ராகம் தெரியாமலே போய்விட்டது :)

நோய் தெரிந்துவிட்டது: கிரவுண் வீலும் பினியனும். ஆனால் ஏன் தேய்ந்தது? அதற்குக் காரின் கீழே போகவேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை, வீட்டு முன்றலில். நாலு மூலையிலும் ஸ்ராண்ட் வைத்துக் காரை மட்டமாகத் தூக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையை வைக்காதே என்று மாமா மூன்று தரம் சொன்னார். கியரில் போட்டு ஒரு பின்சில்லைக் கையால் சுற்றினேன். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது. அப்படியென்றால் இது சாதாரணத் திறந்த வகை டிஃபரன்ஷியல், சறுக்கல் தடுக்கும் வகை இல்லை. அதற்குரிய விசேட ஒயில் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

பெட்டியில் இரண்டு தக்கை உண்டு. மேலே இருப்பது ஒயில் நிரப்ப, கீழே இருப்பது வடிக்க. கீழதை முதலில் கழற்றத்தான் யாருக்கும் கை போகும். மாமா என் கையைப் பிடித்தார். "மேலதைக் கழட்டு முதல். கீழதைக் கழட்டி ஒயிலை வடிச்சுப்போட்டு மேலது கழராமல் நிண்டால் என்ன செய்வாய்? காரைத் தோளிலை தூக்கிக்கொண்டா போவாய்?" இந்த முழுப் பதிவிலும் ஒரு வரி மட்டும் ஞாபகம் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள். ரொறன்ரோ வீதிகளில் குளிர்காலத்தில் கொட்டும் உப்பு முப்பது வருடமாக அந்தத் தக்கையைத் தின்றிருந்தது. துருவிளக்கி அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் ஸ்பனரில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகி இருவரும் இழுத்தபோதுதான் கழன்றது.

கீழ்த் தக்கையைத் திறந்தோம்.

ஒயில் ஓடி வரவேண்டும். ஓடவில்லை. பாணிபோல, நூல் நூலாக இழுபட்டு இறங்கியது. மாமா விரலில் தொட்டு இரண்டு விரலுக்கிடையில் இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஆரோ மருந்து ஊத்தியிருக்கிறான்."

கடைகளில் தடிப்பாக்கும் சேர்மானங்கள் போத்தலில் கிடைக்கும். தேய்ந்த பற்களுக்கு நடுவில் அது மெத்தைபோல நின்று சத்தத்தை அமுக்கும். தேய்ந்த பல்லுக்கு அது மருந்தில்லை, சத்தத்துக்கு மட்டுந்தான். ஊரில் விற்கிற காருக்கு மரத்தூள் போடுகிறவர்கள் இருந்தார்களாம். குளிரான ஏப்ரலில் நான் வாங்கும்போது அது கெட்டியாக நின்று வாயை மூடிக்கொண்டிருந்தது. ஜூலை வெயிலில் இளகிவிட்டது. அதற்குமேல் இடப்பக்கத் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒயில் சீல் வெடித்து, சொட்டுச் சொட்டாக ஒழுகியிருந்தது. 650 மில்லிலீற்றர் இருக்கவேண்டிய பெட்டியிலிருந்து அளவுக் கோப்பையில் விழுந்தது 350.

வடித்ததை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி, அதன்மேல் காந்தத்தை ஓட்டினார் மாமா. சாம்பல் நிறப் பசை ஒட்டியது. அது எந்தப் பழைய டிஃபரன்ஷியலிலும் இருக்குமாம். அதற்குள் மீன் செதில்போல ஏழெட்டு மினுங்கல் துண்டுகள். உடைந்த பல்லின் துண்டோ கூரான சீவலோ இல்லை. "பல் உடையேல்லை. முகம் உரிஞ்சிருக்கு," என்றார்.

பக்கத் தண்டுகளைக் கழற்றி இரண்டு சீலையும் மாற்றினோம். பழைய சீலைக் கிளப்பும்போது அது உட்காரும் இடத்தில் கீறல் விழக்கூடாது. புதியதன் உதட்டில் ஒயில் தடவி, அதே அளவுள்ள ஒரு பெரிய சொக்கெற்றை மேலே வைத்து, சுற்றிவரச் சமமாகத் தட்டி இறக்கவேண்டும். ஒருபக்கம் சாய்ந்து இறங்கினால் அடுத்த மாதமே ஒழுகும். முன்பக்கம் பினியன் சீல் காய்ந்திருந்தது, அதைத் தொடவில்லை. "அந்தச் சுரையை ஒருநாளும் சும்மா இறுக்காதை" என்றார். பினியன் பெயரிங்கின் இறுக்கத்தை உள்ளே நசுங்கும் ஒரு குழாய் தீர்மானிக்கிறது. அளவு பார்க்காமல் இறுக்கினால் பெயரிங் எரியும். பற்களின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும், அதைக் கணக்கிடுவது அதற்கான கருவியும் கையும் உள்ளவர்களின் வேலை. தன் கை இப்போது அதற்கு உதவாது என்று மாமாவே சொன்னார். சீலைத் தட்டும்போது அவர் விரல்கள் நடுங்கியதைக் கண்டேன். சுத்தியலை என்னிடம் தரும்படி நான் கேட்கவில்லை. அவரும் தரவில்லை.

புது ஒயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-5. திறந்ததும் அழுகின முட்டை மணம், கந்தகத்தின் உபயம். கைப்பம்பால் மேல் ஓட்டை வழியாக ஏற்றி, அதே ஓட்டையால் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, தக்கையைப் புது வளையத்தோடு பூட்டினோம். மொத்தச் செலவு 82 டொலர்.

இப்போது சத்தம் நின்றிருக்கவேண்டும், இல்லையா? அப்படித்தான் நானும் நினைத்து ஓட்டினேன். கரகரப்பு அடியோடு போய்விட்டது. ஷட்ஜம் முன்பைவிடச் சுத்தமாகக் கேட்டது! அமுக்கி வைத்த மெத்தையை நாங்கள்தான் வடித்துவிட்டோமே. தேய்ந்த பல் திரும்ப வளராது. சரியான ஒயில் இருக்கும்வரை இன்னும் சில வருடம் ஓடலாம், ஒவ்வொரு பருவமும் ஒயிலைப் பார், காந்தத்தில் துண்டு ஒட்டினால் நிற்பாட்டு, அதற்குள் பழைய கார் உடைக்கும் இடத்தில் ஒரு முழு டிஃபரன்ஷியல் தேடு. இதுதான் மாமாவின் தீர்ப்பு.

அப்படியே ஓட்டியிருப்பேன். ஓகஸ்ற்றில் அப்பாவின் தொழிற்சாலையில் மணித்தியாலங்களைக் குறைத்தார்கள். செப்டெம்பர் கட்டணம் வாசலில் நின்றது. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் முன்றலில் நின்ற ஒரே உபரிச் சொத்து எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். வாகன உதிரிப்பாகக் கடையில் அந்தச் சேர்மானப் போத்தல் 12 டொலர். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பின்பக்க விபரத்தை வாசித்தேன். ஓகஸ்ற் கடைசி, இரவுகள் குளிரத் தொடங்கிவிட்டன, குறைந்தது இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருக்கும். "டிஃபரன்ஷியல் ஒயில் புதிதாக மாற்றியது" என்று எழுதினால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எனக்குச் சொன்ன மனிதரும் பொய் சொல்லவில்லை.

வணிகம் கடைசியில் வரும் என்றேனே, இதுதான் அது. ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற பொருளியலாளர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குமுன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. பழைய கார்ச் சந்தை பற்றிய கட்டுரை. குறையுள்ள காரை அமெரிக்காவில் எலுமிச்சை என்பார்கள். எது எலுமிச்சை என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கமாட்டார். நல்ல கார்கள் விலக, சராசரி இன்னும் இறங்கும். கடைசியில் சந்தையில் எலுமிச்சை மட்டும் மிஞ்சும். 2001இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைப் பரீட்சையில் வரைபடத்தோடு எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான். அந்தப் போத்தலோடு நிற்கும்போதுதான் அந்த வரைபடத்தின் கீழ்நோக்கிய கோட்டில் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

போத்தலைத் திருப்பி வைத்தேன். பெரிய தர்மவான் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் காந்தம் ஓட்டும்போது மாமாவின் முகம் இருந்த மாதிரி இன்னொரு வீட்டு முன்றலில் யாரோ ஒருவரின் முகம் இருக்கும் என்ற நினைப்புத்தான்.

விளம்பரத்தில் முதல் வரியாக, 70க்கு மேல் மிதிக்கும்போது டிஃபரன்ஷியல் பாடும் என்று போட்டேன். ஒலிப்பதிவையும் காந்தத்தின் படத்தையும் சேர்த்தேன். விலை 5,200. இரண்டு வாரத்தில் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் வரவேயில்லை. ஒருவர் வந்து ஓட்டிவிட்டு, "இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் வாங்கியிருப்பேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த வசனத்தை இன்னும் யோசிக்கிறேன். மூன்றாமவர் என் வயது. ஒலிப்பதிவை ஏற்கெனவே பலதரம் கேட்டுவிட்டு வந்திருந்தார். கீழே படுத்து சீல்களைப் பார்த்தார். ஒரு பழைய டிஃபரன்ஷியல் தன்னிடம் இருக்கிறது, மாற்றும் வேலைக்குக் கழித்துத் தா என்றார். 4,600க்கு முடித்தோம்.

5,400ம் 82ம் சேர்த்து 4,600ஐக் கழித்தால் நட்டம் 882 டொலர். காப்புறுதியைச் சேர்த்தால் அழுகை வரும், சேர்க்கவில்லை. போத்தல் ஊற்றியிருந்தால் நட்டத்தில் ஒரு 500ஆவது குறைந்திருக்கும். அப்பாவிடம் காசைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தார். "மாமாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்றார்.

மாமா வந்தார். கார் நின்ற இடத்தில் ஒயில் பட்ட கறை இருந்தது. அதைச் சப்பாத்தால் ஒருதரம் தேய்த்துப் பார்த்தார். சாப்பிடும்போது கோண்டாவில் டிப்போவைப் பற்றி முதன்முதலாக இரண்டு மணித்தியாலம் கதைத்தார். இரவில் திரும்பி வரும் பஸ்களின் பின்பக்கச் சத்தத்தை வைத்தே எது எந்தப் பஸ் என்று வாசலில் இருந்து சொல்லுவார்களாம். அம்மாவுக்கே தெரியாத கதைகள். அடுத்த கிழமை பக்கத்து வீட்டுக்காரர் தன் வானில் ஏதோ சத்தம் என்று மாமாவின் தொலைபேசி இலக்கம் கேட்டார்.

நான் இப்போது பஸ்ஸில் பல்கலைக்கழகம் போகிறேன். பின் இருக்கையில் அமர்ந்தால் காலுக்குக் கீழே ஒரு சுரம் கேட்கும். வேகம் எவ்வளவு, பல் எத்தனை என்று மனம் பெருக்கத் தொடங்கிவிடும். போன செவ்வாய் இறங்கவேண்டிய தரிப்பிடத்தை அப்படித்தான் தவறவிட்டேன்.

சரி மக்களே, அடுத்த பரீட்சை முடிய மீண்டும் சந்திப்போம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கூரையை மூடி, ரேடியோவை நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். மேல் தக்கையை முதலில் கழற்றுங்கள்.